மேனுவல் காரை ஆட்டோமேட்டிக் ஆக்குவது: கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கும் வேலை

நல்ல லிஃப்டும் கைதேர்ந்த இரண்டு பேரும் இருந்தால், மேனுவல் கியர்பாக்ஸை இறக்கிவிட்டு அந்த இடத்தில் ஆட்டோமேட்டிக்கை ஏற்றுவது ஒன்றிரண்டு நாள் வேலைதான். அதற்குப் பிறகும் வண்டி வாரக்கணக்கில் ஷெட்டை விட்டு நகராமல் நிற்பதற்குக் காரணம் வேறு. எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடுகிறது, ஆக்சிலேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டிருக்கிறது, வண்டி என்ன வேகத்தில் போகிறது, பிரேக் மிதிபட்டிருக்கிறதா என்பதெல்லாம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஒவ்வொரு நொடியும் தெரிந்தாக வேண்டும். மேனுவல் வண்டியில் இதையெல்லாம் ஓட்டுபவரின் காதும் காலும் பார்த்துக்கொண்டன. அந்தப் பொறுப்பை இனி யார் ஏற்பது என்பதில்தான் இந்த வேலையின் கஷ்டம் முழுவதும் இருக்கிறது. அது எவ்வளவு கஷ்டம் என்பது வண்டி எந்தக் காலத்தது என்பதைப் பொறுத்தது.

மூன்று தலைமுறைகள்

முதல் தலைமுறை முழுக்க ஹைட்ராலிக். 1980-கள் வரை இதுதான் பரவலாக இருந்தது. கியரை எப்போது மாற்றுவது என்பதை வால்வு பாடி என்ற வால்வுத் தொகுதிக்குள் ஓடும் எண்ணெயின் அழுத்தமே தீர்மானிக்கும். வண்டியின் வேகத்தைத் தெரிவிக்க அவுட்புட் ஷாஃப்டில் ஒரு கவர்னர் உண்டு. எஞ்சின் சுமையைத் தெரிவிக்க த்ராட்டிலிலிருந்து ஒரு கேபிளோ, இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு வேக்குவம் குழாயோ வரும். கம்ப்யூட்டர் கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸின் மூன்று கியர் டர்போ ஹைட்ராமேட்டிக் 350 இந்த ரகம். மாற்றத்துக்கு இவ்வளவு தோதான கியர்பாக்ஸ்கள் பிறகு வரவில்லை. ஆனால் கேபிள் விஷயத்தில் அலட்சியம் கூடாது. அதே நிறுவனம் 1982-ல் கொண்டுவந்த 700ஆர்4-ல் த்ராட்டில் கேபிள்தான் உள்ளழுத்தத்தையே நிர்ணயிக்கிறது. கேபிள் தளர்வாக இருந்தால் அழுத்தம் குறையும், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச்கள் வழுக்கும், கொஞ்ச தூரத்திலேயே எரிந்துபோகும். கார்புரேட்டரை மாற்றியவர்கள் கேபிளின் கோணத்தைக் கவனிக்காமல் விட்டு, நல்ல கியர்பாக்ஸைப் பலி கொடுப்பது இன்றும் நடக்கிறது.

இரண்டாவது தலைமுறையில், ஏறக்குறைய 1990-களில், கியரை மாற்றும் மின் வால்வுகளான ஷிஃப்ட் சோலனாய்டுகளும் அவற்றை இயக்க மின்னணுக் கட்டுப்பாடும் வந்தன. பல கார்களில் இதற்குத் தனியாக ஒரு டிசியூ (கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர்) பெட்டி இருக்கும். எஞ்சின் கம்ப்யூட்டரான இசியூவுக்கும் இதற்கும் இடையே சில வயர்கள் மட்டுமே ஓடும். எந்த வயரில் என்ன சிக்னல் வருகிறது என்பதை சர்க்யூட் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். பொறுமை இருப்பவருக்கு இது கைகூடும் வேலை. புகழ்பெற்ற சில கியர்பாக்ஸ்களுக்கு, எஞ்சின் கம்ப்யூட்டரைச் சாராமல் தனித்து இயங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் விற்பனையில் உண்டு.

மூன்றாவது தலைமுறை, கேன் பஸ் என்ற பொதுத் தகவல் இணைப்பு வந்த பிறகான கார்கள். இங்கே இசியூ, டிசியூ, ஏபிஎஸ், மீட்டர் போர்டு, சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத இம்மொபிலைசர் எல்லாம் இரண்டே வயர்களில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. மேனுவல் மென்பொருள் உள்ள இசியூவுக்கு டிசியூ என்று ஒன்று இருப்பதே தெரியாது. கியர் மாறும் கணத்தில் முறுக்குவிசையைக் குறைக்கச் சொல்லி டிசியூ கேட்டால் பதில் வராது. பதில் வராத டிசியூ எச்சரிக்கை விளக்கை ஏற்றிவிட்டு, லிம்ப் மோடு என்ற தற்காப்பு நிலைக்குப் போய் ஒரே கியரில் நின்றுவிடும். எத்தனை ஸ்பேனர் இருந்தாலும் இதைத் திருத்த முடியாது. ஆட்டோமேட்டிக் காரின் இசியூவைப் போட்டு, சாவியையும் இம்மொபிலைசரையும் அதனுடன் இணைத்து, மற்ற பெட்டிகளிலும் வண்டியின் அமைப்பை மாற்றி எழுத வேண்டும். இதைச் செய்யக்கூடிய ஸ்கேனரும் ஆளும் கையில் இல்லாதபோது மூன்றாம் தலைமுறைக் காரில் கை வைப்பது வீண்.

கணக்கு போட்டுப் பார்த்தால், சாதாரணப் புழக்கத்தில் இருக்கும் ஒரு காருக்கு இந்த மாற்றம் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. மேனுவலை விற்று அதே மாடலின் ஆட்டோமேட்டிக்கை வாங்கினால் விழும் வித்தியாசம், உதிரிபாகமும் கூலியும் சேர்ந்த செலவைவிடக் குறைவாகவே இருக்கும். மாற்றி முடித்த வண்டியை விற்கப்போனாலும் போட்ட பணம் திரும்பாது. அரிய பழைய கார், உடல்நிலை காரணமாகக் கிளட்ச் மிதிக்க முடியாமல் போனவர் விட்டுப் பிரிய மனமில்லாத கார், வேறு எஞ்சின் ஏற்றும் திட்டத்தின் ஒரு பகுதி என்று காரணம் வலுவாக இருந்தால் மட்டும் மேலே படிக்கலாம்.

கால் பிரச்சினை மட்டும்தான் என்றால் நடுவழி ஒன்றும் உண்டு. இருக்கிற மேனுவல் கியர்பாக்ஸை அப்படியே விட்டுவிட்டு, கிளட்சை மட்டும் மோட்டாரோ வேக்குவமோ இயக்கும்படி செய்யலாம். ஃபோக்ஸ்வாகன் 1960-களின் இறுதியில் பீட்டிலில் இதைப் போன்ற ஒன்றைச் செய்தது: கியர் கம்பியில் கை பட்டதும் ஒரு சுவிட்ச் மூடி, வேக்குவம் சர்வோ கிளட்சை விடுவிக்கும். சாப் 1990-களில் சென்சானிக் என்ற பெயரில் கிளட்ச் மிதியே இல்லாத மேனுவலை விற்றது. மாற்றுத்திறனாளிகளுக்கான கார்களை அமைப்பவர்கள் இன்றும் இந்த வகைக் கருவிகளைப் பொருத்துகிறார்கள். கியரை கையால்தான் மாற்ற வேண்டும், ஆனால் இடது கால் முற்றிலும் ஓய்வு பெறும். கியர்பாக்ஸை இறக்கவே வேண்டியதில்லை என்பதால் செலவும் ஆபத்தும் மிகக் குறைவு.

உதிரிக்கு ஒரு முழு வண்டி

பாகங்களைத் தனித்தனியாகத் தேடி வாங்குவது இந்த வேலையில் பணத்தை விழுங்கும் வழி. அதே மாடல், அதே எஞ்சின், முடிந்தால் அதே ஆண்டைச் சேர்ந்த, மோதலில் அடிபட்டு கழிவுக்கு வந்த ஒரு முழு ஆட்டோமேட்டிக் கார் கிடைத்தால் அதையே வாங்க வேண்டும். அது ஓடுகிற நிலையில் இருக்கும்போதே எல்லா கியரிலும் போட்டுப் பார்த்து, எண்ணெயை முகர்ந்து பார்த்துவிடுவது நல்லது. எரிந்த வாசனை வந்தால் அந்தக் கியர்பாக்ஸை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்காமல் ஏற்றக் கூடாது.

அதிலிருந்து எடுக்க வேண்டியவை: கியர்பாக்ஸ், டார்க் கன்வர்ட்டர் (கிளட்ச் மிதிக்கு வேலையில்லாமல் எஞ்சினின் சக்தியை எண்ணெய் வழியே கடத்துவது), ஃப்ளெக்ஸ்பிளேட், அதன் போல்ட்டுகள், எஞ்சினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் (எஞ்சினோடு சேரும் கியர்பாக்ஸின் மணி வடிவ முன்பகுதி) நடுவிலுள்ள தகடு, கியர்பாக்ஸ் மவுண்டும் குறுக்குச் சட்டமும், ஆக்சில்கள் அல்லது ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், கியர் செலக்டர் முழுத் தொகுதியும் கேபிளும், பிரேக் மிதி, ரேடியேட்டர், எண்ணெய்க் குழாய்கள், செல்ஃப் மோட்டார், இசியூ, டிசியூ, மீட்டர் போர்டு, இம்மொபிலைசர் பெட்டியும் அதன் சாவியும். இவற்றோடு, வெட்டாமல் கனெக்டர்களோடு உருவிய முழு வயரிங் ஹார்னஸ். அவசரத்தில் ஹார்னஸைக் கட்டரால் வெட்டி எடுத்துவிட்டு, பின்பு ஒரே நிறத்தில் நாலு வயரைப் பார்த்து விழிப்பது வாடிக்கையாக நடக்கிற கூத்து. சின்னச் சின்ன பிராக்கெட், கிளிப், போல்ட்டைக்கூட விடக் கூடாது. வேலை முடியும்வரை அந்த வண்டியின் கூட்டைக் கழிவுக்கு அனுப்பாமல் வைத்திருப்பது இன்னும் நல்லது.

கிராங்க் முனையில்

மேனுவலை இறக்கியதும் கிளட்ச், பிரஷர் பிளேட், ஃப்ளைவீல் எல்லாம் கழன்றுவிடும். கிராங்க் ஷாஃப்டின் நடுத்துளையில், மேனுவல் கியர்பாக்ஸின் ஷாஃப்ட் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் இருந்தால் அதையும் உருவிவிட வேண்டும். டார்க் கன்வர்ட்டரின் மூக்கு உட்கார வேண்டிய இடம் அது. பேரிங்கை உள்ளே விட்டால் கன்வர்ட்டர் முழுதாக உட்காராது. சில பழைய எஞ்சின்களில் மேனுவல் வண்டிக்கான கிராங்கின் துளை ஆழமும் விட்டமும் வேறாக இருப்பதால், கன்வர்ட்டர் மூக்கையும் துளையையும் அளந்து ஒப்பிட்டுவிட்டு, தேவையானால் இடைவளையம் போட வேண்டும். எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலை மாற்ற இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

ஃப்ளைவீலுக்குப் பதில் வரும் ஃப்ளெக்ஸ்பிளேட் மெல்லிய எஃகுத் தகடு. ஃப்ளைவீலின் போல்ட்டுகள் இதற்கு நீளம் அதிகம், உள்ளே முட்டி நிற்கும். ஆகவே ஆட்டோமேட்டிக்கின் போல்ட்டுகளே வேண்டும், புதியதாக இருந்தால் உத்தமம். பல எஞ்சின்களில் இந்தத் துளைகள் கிராங்க் கேஸ்வரை திறந்திருப்பதால், மரையில் சீலன்ட் தடவாவிட்டால் எண்ணெய் கசியும். தகட்டின் முன்பின் பக்கம் மாறிவிடக் கூடாது. பூட்டியபின் டயல் கேஜ் வைத்து ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். பல கையேடுகளில் வரம்பு 0.2 மி.மீ. அளவில்தான் இருக்கும். எஞ்சினின் சமநிலை எடை வெளியே ஃப்ளைவீலில் வைக்கப்பட்ட ரகமாக இருந்தால், அதே எடை கொண்ட ஃப்ளெக்ஸ்பிளேட்தான் சேரும். தவறினால் எந்தக் கியரிலும் நிற்காத அதிர்வு. கிராங்க் பொசிஷன் சென்சார் ஃப்ளைவீலின் பற்களைப் படிக்கும் எஞ்சினில், பற்களின் எண்ணிக்கையும் விடுபட்ட பல்லின் இடமும் ஒத்திருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிடுவது அவசியம். இல்லாவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே மையத்தில் நிறுத்துவது டோவல் பின்கள். துருப்பிடித்தோ பழைய பெட்டியோடு ஒட்டிக்கொண்டோ போயிருந்தால் புதிதாகப் போட வேண்டும். பின் இல்லாமல் போல்ட் மட்டும் முறுக்கினால் மையம் விலகி, முன் சீல் ஒழுகும், பம்ப் புஷ் தேயும், காலப்போக்கில் ஃப்ளெக்ஸ்பிளேட் விரிசல் விடும்.

இந்த வேலையில் விலை அதிகமான தவறு நடப்பது கன்வர்ட்டரைப் பொருத்தும்போது. முதலில் அதற்குள் ஏறக்குறைய 1 லிட்டர் எண்ணெய் ஊற்ற வேண்டும், பம்ப் வறட்சியாகச் சுழலாமல் இருக்க. பிறகு கன்வர்ட்டரைக் கியர்பாக்ஸின் ஷாஃப்டில் செருகி, லேசாக அழுத்தியபடி சுழற்ற வேண்டும். உள்ளே டர்பைன் ஸ்பிளைன் (ஷாஃப்டில் நீளவாக்கில் இருக்கும் பற்கள்), ஸ்டேட்டர் ஸ்பிளைன், பம்பின் பற்கள் என்று அடுத்தடுத்து பொருந்தும்; ஒவ்வொன்றுக்கும் கன்வர்ட்டர் கொஞ்சம் உள்ளே இறங்கும். கடைசி இறக்கம் நடக்காமலே நடந்ததாக நினைப்பதுதான் ஆபத்து. பெல் ஹவுசிங்கின் விளிம்பில் நேர்கம்பியை வைத்து, அங்கிருந்து கன்வர்ட்டரின் போல்ட் பரப்பு எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்து கையேட்டின் எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கும்போது பெல் ஹவுசிங் கையாலேயே எஞ்சினின் முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். இடைவெளி இருந்தால் போல்ட்டை முறுக்கி இழுக்கவே கூடாது. அப்படி இழுத்தால் முழுதாக உட்காராத கன்வர்ட்டர் பம்பை நெரித்து உடைத்துவிடும். எஞ்சினை ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்தில் கியர்பாக்ஸின் கதை முடிந்துவிடும். பெட்டி ஒட்டி உட்கார்ந்த பிறகு கன்வர்ட்டர் தாராளமாகச் சுழல வேண்டும். அதற்கும் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் பெரும்பாலான வண்டிகளில் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்கும். அதை முன்னே இழுத்து போல்ட் போடுவதுதான் முறை. இங்கேயும் போல்ட்டின் நீளம் முக்கியம். நீளம் கூடிய போல்ட் கன்வர்ட்டரின் முகத்தை உள்ளே குத்தி, லாக்கப் கிளட்ச் (வழுக்கல் இல்லாமல் கன்வர்ட்டரைப் பூட்டும் கிளட்ச்) உரசும் பரப்பைக் கெடுத்துவிடும்.

மவுண்ட், ஷாஃப்ட், விகிதம்

ஆட்டோமேட்டிக் பெட்டி பொதுவாக 20 முதல் 40 கிலோ கூடுதல் எடை. நீளமும் வேறு. இரு வகையும் ஒரே தொழிற்சாலையில் ஒரே பாடியில் வந்திருந்தால், குறுக்குச் சட்டத்துக்கான துளைகள் ஏற்கெனவே இருக்கும். இல்லாவிட்டால் சட்டத்தை நகர்த்தி வெல்டு செய்ய வேண்டியிருக்கும். பின்சக்கர இயக்கத்தில் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் குறைத்தோ நீட்டியோ சமநிலைப்படுத்த வேண்டும். கியர்பாக்ஸுக்குள் சறுக்கி நகரும் ஷாஃப்ட் முனையான ஸ்லிப் யோக்கு முழுதாக உள்ளே போய் முட்டாமல் 20 முதல் 25 மி.மீ. இடம் விட வேண்டும். இரு முனை ஜாயின்ட்டுகளின் கோணமும் ஒன்றுக்கொன்று சமமாக, சிறியதாக இருக்க வேண்டும். இல்லையேல் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தரை நடுங்கும். முன்சக்கர இயக்கத்தில் ஆக்சிலின் நீளமும் ஸ்பிளைன் எண்ணிக்கையும் மாறுவது சகஜம். ஏபிஎஸ் வளையம் ஆக்சிலில் இருக்கும் வண்டியென்றால் அதன் பற்களையும் எண்ணிவிடலாம்.

கியர் விகிதத்தைப் பார்க்காமல் விடுபவர்கள் அதிகம். உதாரணத்துக்கு, மேனுவலில் முதல் கியர் 3.6, டிஃபரன்ஷியல் 3.9 என்றால் மொத்தம் 14.04. ஆட்டோமேட்டிக்கில் முதல் கியர் 2.8, டிஃபரன்ஷியல் 4.1 என்றால் 11.48 மட்டுமே. ஆனால் நின்ற நிலையில் டார்க் கன்வர்ட்டர் முறுக்குவிசையை ஏறக்குறைய 2 மடங்கு ஆக்குவதால் புறப்பாட்டில் குறை தெரியாது. பின்சக்கர வண்டியில் பழைய 3.9-ஐயே வைத்துக்கொண்டால் 10.92 ஆகும், ஓடும், ஆனால் மந்தமாக. மேலும் அந்த டிசியூ 4.1-க்கென எழுதப்பட்டது. வேகக் கணக்கும் கியர் மாறும் புள்ளியும் அதற்கேற்ப விலகும். முன்சக்கர வண்டியில் டிஃபரன்ஷியல் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் இந்தச் சிக்கல் தானாகத் தீரும்.

மிதிப்பலகையில் வேலை எளிது. கிளட்ச் மிதியையும் மாஸ்டர் சிலிண்டரையும் எடுத்துவிட்டு, அகலமான பிரேக் மிதியைப் போட வேண்டும். கிளட்சும் பிரேக்கும் ஒரே ஆயில் டப்பாவைப் பங்கு போடும் கார்களில், கிளட்சுக்குப் போகும் குழாய்வாயை முறையான மூடியால் அடைக்காமல் விட்டால் கசிவது பிரேக் ஆயில். எஞ்சின் அறையைப் பிரிக்கும் தடுப்பான பயர்வாலில் விழும் ஓட்டையையும் தகடு வைத்து மூட வேண்டும். புகையும் வெப்பமும் அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.

எண்ணெயும் சூடும்

மேனுவல் வண்டியின் ரேடியேட்டரில் கியர்பாக்ஸ் எண்ணெய்க்கான குளிர்விப்பான் இருக்காது. ஆட்டோமேட்டிக் ரேடியேட்டரையோ தனிக் கூலரையோ போட்டே ஆக வேண்டும். இரண்டும் இருந்தால் எண்ணெய் முதலில் ரேடியேட்டர் வழியாகவும் பிறகு வெளிக் கூலர் வழியாகவும் போவது முறை. எண்ணெயின் வழக்கமான சூடு 80 முதல் 95 டிகிரி செல்சியஸ். 120-ஐத் தாண்டினால் எண்ணெய் கெட்டு வால்வுகளில் பிசின் படியும். அதற்கும் மேலே சீல்கள் இறுகும்.

பழைய கூலரையும் குழாய்களையும் கழுவாமல் பயன்படுத்தக் கூடாது. முந்தைய கியர்பாக்ஸின் உலோகத் துகள் அதில் தங்கியிருக்கும். புதிதாகப் புதுப்பித்த பெட்டியையும் அதே கெடுத்துவிடும். பழைய ரேடியேட்டரின் உட்கூலர் துருவேறி ஓட்டை விழுந்தால் கூலன்ட்டும் எண்ணெயும் கலந்து இளஞ்சிவப்புக் குழம்பாகும். கிளட்ச் தகடுகளின் உராய்வுப் படலத்தை ஒட்டியிருக்கும் பசையை நீர் கரைத்துவிடுவதால், எண்ணெயை மாற்றினால் போதும் என்று அதற்குப் பின் ஓட்ட முடியாது.

எண்ணெய் வகையில் சொந்த யோசனை கூடாது. டெக்ஸ்ரான், மெர்கான், டொயோட்டாவின் டபிள்யூஎஸ், ஹோண்டாவின் டிடபிள்யூ-1 என்று ஒவ்வொன்றின் உராய்வுக் குணமும் வேறு. தவறானதை ஊற்றினால் லாக்கப் கிளட்ச் பிடிக்கும் வேகத்தில் வண்டி உதறும்.

வயரிங்

குறைந்தபட்சம் மூன்று சர்க்யூட்டுகள் எந்தத் தலைமுறைக்கும் பொது. பார்க் அல்லது நியூட்ரலில் மட்டும் செல்ஃப் அடிக்க அனுமதிக்கும் இன்ஹிபிட்டர் சுவிட்ச் முதலாவது. பழைய கிளட்ச் சுவிட்சின் வயர்களை இதற்குத் திருப்ப வேண்டும். அந்த வயர்களை நேரடியாக முடிச்சுப் போட்டு விட்டுவிடும் குறுக்குவழி உண்டு. கார் டிரைவில் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடித்த கணத்தில் வண்டி பாயும். எதிரே ஆள் நின்றால் உயிர் போகும் விஷயம். இரண்டாவது ரிவர்ஸ் லைட். அதே சுவிட்சிலிருந்து வரும். மூன்றாவது பிரேக் சுவிட்ச். லாக்கப்பை விடுவிக்கவும், பார்க்கிலிருந்து கியர் கம்பியை நகர்த்த அனுமதிக்கவும் இந்த சிக்னல் வேண்டும்.

இரண்டாம் தலைமுறைப் பெட்டியில் டிசியூவுக்கு த்ராட்டில் பொசிஷன், எஞ்சின் சுற்று, இன்புட் அவுட்புட் வேகம், எண்ணெய்ச் சூடு, செலக்டரின் நிலை ஆகியவை உள்ளே போக வேண்டும். வெளியே ஷிஃப்ட் சோலனாய்டுகள், லாக்கப் சோலனாய்டு, அழுத்தச் சோலனாய்டு. அழுத்தச் சோலனாய்டுக்கு மின்சாரம் போகாவிட்டால் பெரும்பாலான பெட்டிகளில் அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு கியரும் உதைத்துக்கொண்டு விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த வயரை.

மேனுவல் இசியூவை வைத்துக்கொண்டால் ஐடில் தொல்லை கொடுக்கும். டிரைவில் போட்டதும் கன்வர்ட்டரின் சுமை எஞ்சின் மேல் விழும். ஆட்டோமேட்டிக் இசியூ அதை முன்கூட்டியே அறிந்து காற்றைக் கூட்டும். மேனுவல் இசியூ சுற்று விழுந்த பிறகுதான் விழித்துக்கொள்ளும். சிக்னலில் நிற்கும்போது வண்டி நடுங்குவதும் அணைவதும் இதனால்தான்.

முதல் ஸ்டார்ட்

காலிப் பெட்டிக்கு மொத்தமாக 7 முதல் 9 லிட்டர் எண்ணெய் பிடிக்கலாம். அதை ஒரேயடியாக ஊற்ற முடியாது. 4 லிட்டர் அளவில் ஊற்றி, சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, எஞ்சினைப் போட்டு, உடனே மேலும் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு நிலையிலும் சில நொடி நிறுத்திவிட்டு, எண்ணெய் சூடானதும் அளவு பார்க்க வேண்டும். பல கார்களில் எஞ்சின் ஐடிலில் ஓடும்போதும், ஹோண்டா போன்றவற்றில் அணைத்த பிறகும் பார்ப்பது வழக்கம். கையேடு சொல்வதே சட்டம். அளவு கூடினாலும் கெடுதிதான். சுழலும் பாகங்கள் எண்ணெயை நுரையாக்கும், நுரையால் அழுத்தம் தர முடியாது.

எந்த நிலையிலும் வண்டி நகராவிட்டால் எண்ணெய் குறைவா, செலக்டர் கேபிள் விலகியிருக்கிறதா, பம்ப் உடைந்ததா என்று அதே வரிசையில் பார்க்கலாம். டிரைவில் போட்டு இரண்டு நொடி கழித்துத்தான் பிடிக்கிறது என்றால் எண்ணெய் குறைவு அல்லது உள் சீல் கசிவு. டிரைவில் போட்டதும் அணைந்தால் ஐடில் அல்லது விடாமல் ஒட்டிய லாக்கப். எப்போதும் ஒரே கியரில் ஓடினால் லிம்ப் மோடு; ஸ்கேனரை மாட்டாமல் பெட்டியைக் கழற்றக் கூடாது. ஸ்டால் டெஸ்ட் (பிரேக்கை மிதித்தபடி டிரைவில் ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்திப் பார்ப்பது) செய்து பார்க்கிறவர்கள் 5 நொடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். அந்த நேரம் முழுதும் எஞ்சினின் சக்தி எண்ணெயைச் சூடாக்குவதில் மட்டுமே போகிறது.

சாலைக்கு எடுக்குமுன் பதிவுச் சான்றிலும் காப்பீட்டிலும் மாற்றத்தைத் தெரிவித்துவிட வேண்டும். இப்படிப்பட்ட மாற்றத்துக்கு முன் அனுமதியும் ஆய்வும் கேட்கும் நாடுகள் உண்டு. இன்னொன்று, பேட்டரி இறங்கினால் இனி தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது: எண்ணெய் பம்பை எஞ்சின்தான் சுழற்றுகிறது, எஞ்சின் நின்றிருக்கும்போது சக்கரத்துக்கும் அதற்கும் பிடிப்பே இல்லை. இழுத்துக்கொண்டு போகும்போதும் இதே காரணத்தால் இயக்கும் சக்கரங்களைத் தூக்கியே இழுக்க வேண்டும்.

500 முதல் 1,000 கிலோமீட்டர் ஓடியபின் அடித்தட்டைக் கழற்றி ஃபில்டரையும் எண்ணெயையும் மாற்றிவிடலாம். தட்டிலுள்ள காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருந்தால் கவலை இல்லை. விரலில் உரசும் எஃகுத் துண்டோ, பித்தளை நிறச் செதிலோ, கறுத்த உராய்வுத் தூளோ தட்டில் கிடந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.